பட்டியலில் அடுத்த பெயர்

குருபரப்பள்ளி
10.3.2025

ஜாஸ்லின் பாப்பாவுக்கு,

பயப்படாதே. திருப்பிக் கேட்க எழுதவில்லை.

என் பெயர் சரோஜம்மாள். குருபரப்பள்ளியில் ஹைவே ஓரம் டீக்கடை வைத்திருக்கிறேன். உங்கள் மத்திகிரித் தெருவில் குடியிருக்கும் கம்பெனி பஸ் டிரைவர் நாராயணப்பன், கிருஷ்ணகிரியில் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓசூர் திரும்பும்போது தினமும் என் கடையில்தான் டீ குடிப்பார். போன வாரம் பேச்சுவாக்கில், தெலுங்கும் தமிழுமாகச் சொன்னார். "மா வீதில ஜேம்ஸ் அண்ணன் பொண்ணுக்கு ஈரல் மாத்தி வச்சிருக்காங்கம்மா. டிகிரி படிச்ச பொண்ணு." எந்த ஆஸ்பத்திரி, எந்தத் தேதி என்று மட்டும் கேட்டேன். அது போதுமாக இருந்தது.

அந்த ஈரலுக்கு அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து முதலில் கூப்பிட்டது என்னை. ஈரலுக்குக் காத்திருக்கும் எங்களைப் போன்றவர்களை ஆஸ்பத்திரியில் கவனிக்கிற பிரியா மேடத்தின் நம்பரைப் போனில் பதிந்து வைத்திருந்தோம். ஆனால் அழைப்பு வந்தது வேறொரு பெங்களூர் லேண்ட்லைனிலிருந்து. அந்த மாதிரி நம்பரில் எங்களுக்குத் தினமும் பிளாட் விற்கிறவர்கள்தான் கூப்பிடுவார்கள். பாகலூரில் பிளாட், சர்ஜாப்பூரில் பிளாட், லேக் வியூ. காலைக் கூட்டம். என் மருமகள் சுகுணா ஒரு கையில் வடை போட்டுக்கொண்டே, "பிளாட்டுக்காரன்" என்று கட் பண்ணினாள். மறுபடி வந்தது, மறுபடி கட் பண்ணினாள். அப்புறம் அந்த நம்பரையே பிளாக் செய்துவிட்டாள். என் மகன் அன்புமணியின் நம்பரும் அவர்களிடம் இருந்தது. அவன் கம்பெனியில் போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

மதியம் அவன் போனை எடுத்துப் பார்த்த பிறகுதான் விஷயம் தெரிந்து கார் பிடித்து ஓடினோம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பட்டியலில் அடுத்த பெயரை உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். அது நீ.

வராந்தாவில் மாஸ்க் போட்ட ஒருவர் எழுந்து எனக்கு நாற்காலி கொடுத்தார். அவர் உன் அப்பாவா?

போனில் பேசக்கூடாதா என்று நினைப்பாய். இந்தப் போன் இனி அந்த ஒரு அழைப்புக்கு மட்டும் என்று என் மகன் சட்டம் போட்டுவிட்டான். அதனால் காகிதம். நாராயணப்பன் கொண்டுவந்து கொடுப்பார்.

எனக்குத் தெரிய வேண்டியது இவ்வளவுதான். கண் விழித்ததும் முதலில் என்ன தெரிந்தது? அரிப்பு நின்றதா? எனக்கு உடம்பெல்லாம் அரிப்பு. சீப்பால் முதுகைச் சொறிந்துகொண்டு டீ ஆற்றுகிறேன், பார்க்கிறவன் டீயை வைத்துவிட்டு ஓடுவான். ஆஸ்பத்திரியில் கேட்டால் அச்சடித்த தாள் கொடுக்கிறார்கள். போய்வந்தவளிடம் கேட்பது வேறு.

சரோஜம்மாள்


மத்திகிரி, ஓசூர்
17.3.2025

மதிப்பிற்குரிய சரோஜம்மா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை நாராயணப்பன் மாமா கொடுத்தபோது "லெட்டர் ஒச்சிந்தி, லெட்டர் வந்திருக்கு" என்று தெருவே கேட்கும்படி கத்தினார். இந்தக் காலத்தில் யாருக்குக் கடிதம் வருகிறது என்று பக்கத்து வீட்டில் எட்டிப் பார்த்தார்கள். நான் உள்ளே ஓடிவிட்டேன்.

பதில் எழுதி எழுதிக் கிழித்தேன். எழுத்து கோணலாக இருப்பதற்கு மன்னிக்க வேண்டும். மாத்திரையால் கை நடுங்குகிறது. நான் பி.காம். முடித்து, ஒரு கம்பெனி ஸ்டோர்ஸில் கணினி வேலை பார்த்தவள். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். கையெழுத்து அழகாக இருக்கும் என்று சொல்வார்கள்.

நாற்காலி கொடுத்தது அப்பாதான். அவருக்கு அப்போதே தெரியும். உங்கள் மகன் சத்தம் போட்டதைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். நான் வார்டுக்கு வந்த பிறகு என்னிடம் சொன்னார். சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று ஒரு நாள் நினைப்பேன். சொன்னதே நல்லது என்று மறுநாள் நினைப்பேன்.

கண் விழித்ததும் முதலில் தெரிந்தது தாகம். தண்ணீர் தரமாட்டார்கள், பஞ்சை நனைத்து உதட்டில் வைப்பார்கள். தொண்டையில் குழாய் இருக்கும், பேச வராது. அதற்குப் பயப்படாதீர்கள், எடுத்துவிடுவார்கள். அரிப்பு நின்றுவிட்டது. எந்த நாளில் நின்றது என்று கவனிக்கவே இல்லை. ஒரு காலையில் நகத்தைப் பார்த்தேன், ரத்தம் இல்லை.

காத்திருப்பவர்களிடம் வீடியோ கூட்டத்தில் என் அனுபவத்தைச் சொல்லும்படி பிரியா மேடம் கேட்டார். "வணக்கம்" என்று சொல்லிவிட்டு இணைப்பைத் துண்டித்துவிட்டேன். நெட் போய்விட்டது என்று பொய் சொன்னேன். எனக்குப் பேச வராது. அதைவிட, அந்தத் திரையில் இருக்கும் சின்னச் சின்ன முகங்களில் உங்கள் முகமும் இருக்குமோ என்று பயம்.

நீங்கள் என்னைத் திட்டி எழுதியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சுகுணா அக்கா எப்படி இருக்கிறார்?

ஜாஸ்லின்


குருபரப்பள்ளி
24.3.2025

ஜாஸ்லின் பாப்பாவுக்கு,

திட்டத் தெரியாதவள் என்று நினைத்துக்கொண்டாயா? ஹைவேயில் கடை வைத்திருக்கிறேன். லாரிக்காரனைத் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் திட்டுவேன். உன்னைத் திட்ட ஒன்றும் கிடைக்கவில்லை, அதனால் திட்டவில்லை.

தாகத்தைப் பற்றி எழுதியது உபயோகமாக இருந்தது. குழாய் விஷயம் யாருமே எனக்குச் சொல்லவில்லை. இன்னும் இந்த மாதிரி இருப்பதை எல்லாம் எழுது.

எனக்கு வந்திருப்பது குடிக்காமலேயே வருகிற வகை. சர்க்கரையும் கொழுப்பும் சேர்ந்து ஈரலைக் கெடுத்துவிட்டதாம். ஆனால் கடைக்கு வருகிறவன் கேட்கிற முதல் கேள்வி என்ன தெரியுமா? "ஏக்கா, நீ சரக்கு போடுவியா?" ஒருவனிடம் சொன்னேன்: "ஆமாண்டா, உங்கப்பன் மீதி வச்சதெல்லாம் நான்தான் குடிச்சன்." மறுநாளும் டீ குடிக்க வந்தான்.

வயிற்றில் நீர் கோத்து ரெண்டு தடவை எடுத்தார்கள். உப்பில்லாத சோறு. நாலு பேருக்குச் சமைக்கிறவளுக்கு உப்புப் பார்க்கும் அதிகாரம் போய்விட்டது. சட்னியில் உப்பு சரியா என்று வாடிக்கைக்காரனைக் கேட்கிறேன்.

உன்னிடம் மட்டும் ஒன்று கேட்கிறேன். இந்த ரோட்டில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்காத நாள் இல்லை. முன்பெல்லாம் சத்தம் கேட்டால் "முருகா, எந்தப் புள்ளையோ" என்று கன்னத்தில் போட்டுக்கொள்வேன். இப்போதும் போட்டுக்கொள்கிறேன். ஆனால் எனக்கு அழைப்பு வரப்போகிறது என்பதுபோல் கால் தானாகச் செருப்பைத் தேடுகிறது. அடுத்த நிமிடம் என்மேல் எனக்கே அருவருப்பு. ஹெல்மெட் போடாமல் வருகிற பையன்களுக்கு இப்போது டீ கொடுப்பதில்லை. "மண்டைய மூடிட்டு வா, அப்பறம் டீ." உனக்கு இப்படியெல்லாம் இருந்ததா, இல்லை நான்தான் இப்படி ஆகிவிட்டேனா?

சுகுணாவைப் பற்றிக் கேட்காதே.

சரோஜம்மாள்


மத்திகிரி
6.4.2025

அன்புள்ள சரோஜம்மா,

எனக்கும் இருந்தது. நான் செருப்பைத் தேடவில்லை, காலண்டரைப் பார்த்தேன். பொங்கல் விடுமுறை வருகிறதே, ரோட்டில் வண்டி அதிகமாக இருக்குமே என்று கணக்குப் போட்டேன். பிறகு ஜெபம் செய்ய உட்கார்ந்தால் என்ன கேட்பது என்று தெரியவில்லை. கேட்டால் அது யாரையோ சாகச் சொல்வதுபோல் இருந்தது. கடைசியில் எதுவும் கேட்காமல் சும்மா உட்கார்ந்து எழுந்துவிடுவேன். நாம் விரும்புவதால் யாரும் சாவதில்லை என்று பிரியா மேடம் சொன்னார். அறிவுக்குப் புரிந்தது. நீங்கள் எழுதியதைப் படித்த பிறகுதான் மனதுக்குப் புரிந்தது, ஏனென்றால் உங்களை எனக்குக் கெட்டவராக நினைக்க முடியவில்லை.

நீங்கள் கேட்ட மற்றவை. இருமும்போது தலையணையை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள், தையல் வலிக்காது. நாக்கில் இரும்புச் சுவை இருக்கும். முகம் உப்பும். கண்ணாடியில் என்னைப் பார்த்து யாரோ என்று ஒதுங்கினேன். காலையும் மாலையும் ஒரே நேரத்துக்கு மாத்திரை. அதை என் அப்பாதான் எடுத்துக் கொடுக்கிறார். அம்மாவுக்கு ரத்தம் என்ற சொல்லைக் கேட்டாலே மயக்கம் வரும்.

கேட்காதே என்று சொன்னதை நான் கேட்கப் போகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நோயாளிக்குத் துணையாக இருப்பவர்களுக்கான வகுப்பு நேற்று நடந்தது. அப்பா போனில் பார்த்துக்கொண்டிருந்தார், நான் திரைக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். பிரியா மேடம் பெயர் வாசித்தார். "சரோஜம்மாள் வீட்டிலிருந்து?" யாரும் பதில் சொல்லவில்லை. டிசம்பரில் உங்கள் பெயருக்கு ஒரு குரல் முதலில் பதில் சொல்லும். எல்லோரையும்விட அதிகமாகக் கேள்வி கேட்கும். "மேடம், மாத்திரைய வாந்தி எடுத்துட்டா மறுபடி குடுக்கணுமா?" "மேடம், அத்தைக்கு மாம்பழம் குடுக்கலாமா, எங்க ஊர்ல சீசன் வந்துரும்." அந்தக் குரல்தானே சுகுணா அக்கா? அவர் எங்கே?

ஜாஸ்லின்


குருபரப்பள்ளி
14.4.2025

ஜாஸ்லினுக்கு,

மத்தூரில் அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள். ஜனவரியிலிருந்து. தெரிந்துகொண்டாயா?

ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு திரும்பிய மறுநாள் காலை, கடை நிறைய ஆள் இருக்கும்போது என் மகன் அவளைப் பார்த்து, "எங்கம்மாவ கொன்னுட்டடி" என்றான். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாஸைக் கீழே வைக்கவில்லை, வாயிலும் வைக்கவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் வடிகட்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். கழுவிக்கொண்டே இருந்தேன். அவள் பையை எடுத்துக்கொண்டு ரோட்டைக் கடந்து பஸ் ஏறிவிட்டாள்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்கிறாய்? என் உயிர் போனது அந்தப் போனில். அது அவள் கையில் இருந்தது. கோபம் எனக்கும் இருந்தது, இருக்கிறது.

இப்போது ஆஸ்பத்திரியில் சொல்கிறார்கள், ஆப்பரேஷனுக்குப் பிறகு கூடவே இருக்கப் பயிற்சி எடுத்த ஒரு ஆள் வேண்டும், அது இல்லாமல் கூப்பிட முடியாது, பெயரை நிறுத்தி வைத்திருக்கிறோம் என்று. அன்புமணி கான்ட்ராக்ட் ஆள். சேர்ந்தாற்போல் லீவு போட்டால் கேட்டுக்கு வெளியேதான் நிற்பான். வேறு யாரும் இல்லை.

நீ எழுதியதைப் படித்தால், நான் போய் அவள் காலில் விழ வேண்டும் என்பதுபோல் இருக்கிறது. கிடைத்தவள் நீ. உனக்குச் சொல்வது சுலபம். இனி எழுத வேண்டாம்.

சரோஜம்மாள்


மத்திகிரி
12.5.2025

அன்புள்ள சரோஜம்மா,

எழுத வேண்டாம் என்றீர்கள். இவ்வளவு நாள் எழுதாததற்கு அது காரணமில்லை. ஆஸ்பத்திரியில் இருந்தேன்.

காய்ச்சல் வந்தது. உடனே கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்பது முதல் விதி. நான் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை யாரைத் தொந்தரவு செய்வது, அப்பா இப்போதுதான் வேலைக்குத் திரும்பியிருக்கிறார், போனில் என்ன சொல்லித் தொடங்குவது என்று போர்வையை இழுத்துப் படுத்துக்கொண்டேன். திங்கட்கிழமை மாத்திரை கொடுக்க வந்த அப்பாவின் விரல் என் உள்ளங்கையில் பட்டது. அவர் உடனே வண்டிச் சாவியை எடுத்தார்.

உடம்பு அந்த ஈரலைத் தள்ளப் பார்த்திருக்கிறது. மருந்தைக் கூட்டிச் சரிசெய்தார்கள். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் என்று சொல்ல ஆரம்பித்த டாக்டர், அப்பாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

படுத்திருந்தபோது உங்கள் கடைசிக் கடிதத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கிடைத்தவள் நான். உண்மைதான். உயிரோடு இருப்பதற்காக உங்களிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக் கேட்டுப் பார்த்தேன், முடியவில்லை. இருக்க வேண்டும்போல் இருக்கிறது. அதனால் சொல்லும் உரிமையும் எனக்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். ஈரல் வந்தால் மட்டும் போதாது அம்மா. உள்ளங்கையில் சூடு தெரிந்துகொள்ள ஒரு கை வேண்டும். உங்களுக்கு அந்தக் கை மத்தூரில் இருக்கிறது. வாந்தி எடுத்தால் மறுபடி கொடுக்கணுமா என்று கேட்ட ஒரே ஆள் அவர்தான். எங்கள் அப்பாகூட அதைக் கேட்கவில்லை.

காலில் விழச் சொல்லவில்லை. போய் நில்லுங்கள். எனக்கு இவ்வளவு கோபமாக எழுத வரும் என்று எனக்கே இன்றுதான் தெரிகிறது.

ஜாஸ்லின்


குருபரப்பள்ளி
26.5.2025

ஜாஸ்லின் பாப்பா,

முதலில் உனக்கு. காய்ச்சலை மறைத்துவிட்டுப் போர்வை போர்த்திப் படுத்தாயாமே. திட்ட ஒன்றும் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தேன். இப்போது கிடைத்துவிட்டது. கழுதை. அது உனக்கு மட்டும் சொந்தமில்லை, யாரோ ஒரு வீட்டில் அழுதுகொண்டே கொடுத்தது. இனிமேல் உடம்பு சுட்டால் பிரியா மேடத்தைக் கூப்பிட்டுப் பேசு. பேச வராவிட்டால் இருமு. அவர் புரிந்துகொள்வார்.

மத்தூர் போனேன்.

மாமியார் மருமகள் வீட்டுப் படியேறிக் கேட்பது எங்கள் பக்கத்தில் இல்லாத வழக்கம். அவள் அப்பா எழுந்து நின்றார், வா என்று சொல்ல வாய் வரவில்லை. சுகுணா மாங்காயைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"கடையில வடை நல்லால்லன்னு சொல்றாங்க" என்றேன். வேறு என்ன சொல்லித் தொடங்குவது என்று தெரியவில்லை.

"எண்ணெ மாத்துங்க."

"பேரை நிறுத்தி வச்சிருக்காங்கடி."

"தெரியும். பிரியா மேடம் கூப்பிட்டாங்க."

கொஞ்ச நேரம் மாங்காயை உருட்டிக்கொண்டிருந்தாள். அப்புறம் கேட்டாள்: "அத்தை, நான் வர்றன்னே வச்சிக்கோங்க. நாளைக்கு ஆப்பரேசன்ல ஏதாச்சும் ஆச்சின்னா? மாத்திர ஒண்ணு மாறிப்போச்சின்னா? அதுவும் எந்தலையிலதான? ஒருக்கா கொலகாரின்னு பேர் வாங்கிட்டன். ரெண்டாவதுவாட்டி வாங்க எனக்குத் தெம்பு இல்ல."

எந்த வாயால் நான் உறுதி சொல்வது? அன்றைக்கு வடிகட்டி கழுவியவள்தானே நான். பிறகு உன்னைப் பற்றிச் சொன்னேன். அந்த ஈரல் வீணாகவில்லை, ஓசூரில் ஒரு பெண்ணுக்குப் போயிற்று, எனக்கு எழுதுகிறாள் என்று.

மாங்காயை அப்படியே வைத்துவிட்டாள். "நாலு மாசமா இத ஏன் எனக்கு யாருமே சொல்லல?" என்று கேட்டாள். எனக்கே மார்ச்சில்தான் தெரியும் என்றேன். மார்ச்சிலிருந்து மே வரை என்ன செய்தாய் என்று அவள் கேட்கவில்லை.

"அந்தப் பொண்ண நான் பாக்கணும்."

போய் வருவாயா பாப்பா? கூட்டமில்லாத வீடுதான். அவள் என்ன கேட்டாலும் உள்ளதைச் சொல். என்னை நினைத்துத் தயங்க வேண்டாம். எனக்கு வருத்தமே இல்லை என்று எழுதினால் பொய். கொஞ்சம் இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும், நீ போ.

சரோஜம்மாள்


மத்திகிரி
9.6.2025

அன்புள்ள அம்மா,

நேற்று போய்வந்தோம். அப்பா நண்பர் ஒருவரின் காரை வாங்கினார். காவேரிப்பட்டினம் தாண்டும்வரை ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டே போனேன். "நீங்கள் செய்த தவறால் ஒருவர் இறக்கவில்லை, ஒருவர் பிழைத்தார்." வீட்டு வாசலில் இறங்கியதும் மறந்துவிட்டது.

சுகுணா அக்கா கதவருகே நின்றிருந்தார். என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"நீதானா?"

"ஆமாங்க்கா."

"நான் நெனச்சது, எலும்பும் தோலுமா இருப்பன்னு. நல்லா உப்பிக்கினு இருக்க."

"மாத்திரைக்கா. குறைஞ்சிடும்."

சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். எனக்கும் வந்தது, மாஸ்க் நனைந்துவிட்டது. உடனே அவர், "ஈர மாஸ்க் போடக்கூடாது, மாத்து மாத்து" என்று என் பையில் தானே தேடிப் புது மாஸ்க்கை எடுத்துக் கொடுத்தார்.

பிறகு ஒரு மாம்பழத்தை எடுத்து, காய்ச்சி ஆறிய தண்ணீரில் கழுவி, கத்தியையும் கொதிக்கும் தண்ணீரில் முக்கி எடுத்து, என் கண் முன்னால் தோல் சீவி நறுக்கினார். "வெட்டி வச்சதச் சாப்பிடக்கூடாதுல்ல? இது சாப்பிடலாம். மேடம் சொல்லியிருக்காங்க." வகுப்பில் சொன்ன ஒன்றுகூட அவருக்கு மறக்கவில்லை அம்மா. நான்கு மாதம் அந்த வீட்டில் உட்கார்ந்து யாருக்காக அதையெல்லாம் நினைவில் வைத்திருந்தார் என்று நான் கேட்கவில்லை.

நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "கனவுல தெனமும் ஒரு போன் அடிக்கும். எடுப்பன். அந்தப் பக்கம் யாரும் பேசமாட்டாங்க. நான் 'ஹலோ ஹலோ'ன்னு கத்துவன்." பிறகு என் மணிக்கட்டைப் பிடித்தார், நாடி பார்ப்பதுபோல. வெகு நேரம் விடவில்லை. மனப்பாடம் செய்த வாக்கியம் தேவைப்படவே இல்லை.

கிளம்பும்போது சொன்னது: "அத்தைகிட்ட சொல்லு. நான் வர்றன். ஆனா அவரு எந்த எடத்துல நின்னு சொன்னாரோ அதே எடத்துல, அதே மாதிரி ஆளுங்க இருக்கும்போது, சொன்னத எடுக்கணும். ரூமுக்குள்ள வந்து கையப் புடிச்சிக்கினு அழுதா எடுபடாது." அப்பா அவசரமாகத் தலையாட்டினார், ஏதோ அவர்தான் அன்றைக்குக் கடையில் அப்படிச் சொன்னவர்போல.

உங்களுக்கு வரும் அந்தக் கொஞ்ச வருத்தத்தை எனக்கு எழுதுங்கள். மறைக்க வேண்டாம்.

ஜாஸ்லின்


குருபரப்பள்ளி
17.6.2025

ஜாஸ்லின் பாப்பா,

நேற்றுக் காலை நடந்தது. அன்புமணி நான்கு நாள் முறைத்துக்கொண்டு திரிந்தான். "ஊரு முன்னாடி என்ன அசிங்கப்படுத்தறீங்க" என்றான். "அவள ஊரு முன்னாடிதானடா அசிங்கப்படுத்தின" என்றேன். 

மாங்காய் லாரிக்காரர்கள், கம்பெனி பஸ் ஆட்கள், கடை நிறைந்திருந்தது. சுகுணா பையோடு ரோட்டோரம் நின்றாள், உள்ளே வரவில்லை. இவன் அடுப்புப் பக்கம் நின்று ஏதோ முணுமுணுத்தான்.

"கேக்கல" என்றாள்.

நாராயணப்பன் டீ கிளாஸோடு, "தம்பி, பஸ்ஸுக்குள்ள இருக்கறவங்களுக்கும் கேக்கல. கொஞ்சம் கெட்டியா, சத்தமா" என்றார். ஜன்னல் வழியாக எல்லாத் தலையும் வெளியே.

இவன் கண்ணை மூடிக்கொண்டு கத்தினான்: "எங்கம்மாவ நீ கொல்லல. நான் சொன்னது தப்பு."

எனக்கும் ஒன்று பாக்கி இருந்தது. "நான் அன்னிக்குப் பேசாம இருந்தன். அது அவன் சொன்னதவிட மோசம்" என்றேன். மெதுவாகத்தான் வந்தது. ஆனால் அவளுக்குக் கேட்டிருக்கும், பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். வந்ததும் முதல் வேலை, என் தட்டில் இருந்த ஊறுகாயைத் தூக்கிப் போட்டாள். "இதுக்குத்தான் வயித்துல தண்ணி கோக்குது." திருட்டு ஊறுகாய், உன்னிடம்கூடச் சொல்லாதது.

இன்று வகுப்பில் பெயர் வாசித்தார்கள், பதில் சொன்னாள். என் பெயரை மறுபடி பட்டியலில் எடுத்துக்கொண்டார்கள்.

நீ கேட்ட அந்தக் கொஞ்ச வருத்தம்: நீ மாம்பழம் சாப்பிட்டாய் என்று படித்தபோது, அது நானாக இருந்திருக்க வேண்டும் என்று ஒரு நிமிடம் தோன்றியது. அடுத்த நிமிடம், இனிப்பாக இருந்ததா என்று கேட்கத் தோன்றியது. இரண்டும் உண்மை.

சரோஜம்மாள்


மத்திகிரி
21.8.2025

அன்புள்ள அம்மா,

இதை நீங்கள் எப்போது படிப்பீர்கள் என்று தெரியாமல் எழுதுகிறேன்.

நேற்று நாராயணப்பன் மாமா வழக்கமாக வரும் நேரத்துக்கு முன்பே வந்தார். "பாப்பா, சரோஜம்மா கடை ஷட்டர் போட்டிருக்கு. அடுப்புகூட பத்தவைக்கல. பக்கத்து பஞ்சர் கடைக்காரன், விடியக்காலமே கார்ல போனாங்கன்னு சொல்றான்" என்றார். மகிழ்ச்சியாகச் சொல்வதா, பயந்து சொல்வதா என்று அவருக்கே தெரியவில்லை. டீ குடிக்காமல் வந்ததால் தலைவலி வேறு.

எனக்கு யாரைக் கேட்பது என்று தெரியும். பிரியா மேடத்தின் நம்பரைப் போட்டேன். எடுத்ததும் இருமவில்லை, பேசினேன். மற்றவர்களைப் பற்றிச் சொல்ல முடியாது ஜாஸ்லின் என்றார். சரிங்க மேடம் என்றேன். ஆனால் அவர் உடனே போனை வைக்கவில்லை. "ஜெபம் பண்றதுன்னா பண்ணு" என்றார்.

இந்த முறை என்ன கேட்பது என்று யோசிக்கவில்லை. உங்கள் பெயரைச் சொன்னேன். பிறகு, பெயர் தெரியாத அந்த இன்னொரு வீட்டையும் சொன்னேன்.

தாகம் எடுக்கும். பஞ்சு வைப்பார்கள்.

ஜாஸ்லின்


பெங்களூர், ஆஸ்பத்திரிக்குப் பின்னால் உள்ள தெரு
21.9.2025

ஜாஸ்லின் கண்ணு,

கை நடுங்குகிறது. உன் முதல் கடிதத்துக்கு இப்போதுதான் சரியாகப் பொருள் தெரிகிறது.

நாராயணப்பன் அன்புமணியிடம் கொடுத்தனுப்பிய உன் கடிதம் சுகுணாவின் பையில் பத்திரமாக இருந்தது. குழாய் எடுத்த அன்று அவள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று அதைக் காட்டினாள். படிக்க முடியவில்லை, உன் கோணல் எழுத்து என்று மட்டும் தெரிந்தது.

வாடகை அறையில் இருக்கிறோம், இன்னும் சில வாரம் இங்கேதான். அரிப்பு போய்விட்டது. வயிறு இறங்கி, என் கால் விரலை நானே பார்க்கிறேன். எல்லோரும் சந்தோஷமாக இரு என்கிறார்கள். நான் காரணமில்லாமல் அழுகிறேன். காபி வந்தால் அழுகிறேன், காபி ஆறினால் அழுகிறேன். உனக்கும் இப்படி இருந்ததா? இருந்தது என்றால் எவ்வளவு நாளில் போகும் என்று எழுது. போகாது என்றாலும் எழுது.

அன்றைக்கு வராந்தாவில் இன்னொரு குடும்பம் இருந்ததாம். எனக்கு ஏதாவது சரிப்பட்டு வராமல் போனால் என்று கூப்பிட்டு உட்காரவைத்திருந்தவர்கள். காவேரிப்பட்டினம் பக்கம். முனிவேல் என்று ஒருவர், அவர் மனைவி நாராயணம்மா. எனக்கு எல்லாம் சரியாக இருந்ததால் அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த அம்மா மடித்து வைத்திருந்த போர்வையை மறுபடி பையில் திணிக்க முடியாமல் திணித்ததைச் சுகுணா பார்த்திருக்கிறாள். போய் உதவி செய்யலாமா என்று நினைத்து, போகவில்லையாம்.

நான் அவர்களுக்கு எழுத வேண்டும் என்றேன். சுகுணா, "இப்ப வேணாம் அத்தை. அவங்க முதல்ல நம்மளத் திட்டி முடிக்கட்டும்" என்றாள்.

அவள் சொல்வது சரிதான். ஆனால் திட்டுவதை எனக்கே நேராகத் திட்டலாமே என்று தோன்றியது. பிரியா மேடத்திடம் கேட்டேன். முகவரியை நான் உங்களுக்குத் தர முடியாது, அவர்களுக்கு விருப்பம் இருந்தால் உங்களுடையதை அவர்களுக்குத் தருகிறேன் என்றார். கொடுத்தும்விட்டார். பத்து நாள் ஆகிறது.

சுகுணா காலையும் மாலையும் கீழே போய் வாட்ச்மேனைக் கேட்டுவிட்டு வருகிறாள். "இன்னிக்கும் திட்டு வர்ல அத்தை" என்று சொல்லிவிட்டு, மாத்திரையை எடுத்து என் உள்ளங்கையில் வைக்கிறாள்.

சரோஜம்மாள்